ஊட்டி உயரத்தில் டேங் மீன்கள்: மூன்றை ஒரே தொட்டியில் சேர்ப்பது எப்படி?

கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் டேங் மீனைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். மஞ்சள், ஆழ்ந்த நீலம், பாதாம் பழுப்பு என்று நிறங்கள், தட்டையான உடல், நாள் முழுவதும் ஓயாத நீச்சல். ஒன்றை வாங்கியவருக்கு இரண்டாவதும் வேண்டும் என்று தோன்றிவிடும். அந்த மீனின் வாலடியில் இரு பக்கமும் கூர்மையான முள் ஒன்று இருக்கிறது என்பதும், தன் இனத்தாரைக் கண்டால் அதை வெளியே நீட்டும் என்பதும் பிறகுதான் தெரியவரும்.

சண்டையைச் சமாளிக்கும் வழிகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவை சென்னைக்கும் கோவைக்கும் சரி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அதற்கு முன்பே வேறொரு கணக்கு இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100, குன்னூர் சுமார் 1,850. இந்த உயரங்களில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. 25 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் சென்னையில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே நீர் ஊட்டியில் 5.2 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்காது. டேங், அலை மோதும் பாறைகளில் மேய்ந்து பழகிய மீன். துரத்துகிற மீனும் துரத்தப்படுகிற மீனும் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக மூச்சு விடும். ஆகவே எத்தனை டேங் வைக்கலாம் என்பதை மலைவாசிகள் தொட்டியின் லிட்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது. மழை இரவில் மின்சாரம் போனால் எத்தனை மீன் தாங்கும் என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். என் விடை: ஆறடித் தொட்டிக்கு மூன்று. நான்கடித் தொட்டி என்றால் சிறிய வகையில் ஒன்றே ஒன்று. இக்கட்டுரையில் உங்களுக்குத் தேவையான பகுதி அத்துடன் பாதியாகிவிடும்.

தொட்டியும் தரையும்

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஏறக்குறைய 680 லிட்டர். உயரத்தைக் கூட்டிப் பயனில்லை. டேங்குக்கு வேண்டியது ஓடுவதற்கு நீளமும், திரும்புவதற்கு அகலமும்தான். நீர், கண்ணாடி, கல், ஸ்டாண்ட், கீழே சம்ப் (நீரை வடிகட்டிச் சூடாக்கும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி) என்று எல்லாம் சேர்ந்தால் எடை ஒரு டன்னைத் தொடும். பழைய பங்களாக்களின் மரப்பலகைத் தரையில் இதை வைக்கும் எண்ணமே வேண்டாம். சரிவில் கட்டிய வீடுகளில் மண்ணின் மேல் நேரடியாக அமர்ந்திருக்கும் சிமெண்ட் தளத்தைத் தேர்ந்தெடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டாண்டை நிறுத்துங்கள்.

காற்று, சூடு, மின்சாரம்

காற்றுக்கல்லை எத்தனை போட்டாலும் அந்த 5.2 என்ற வரம்பைத் தாண்ட முடியாது. நீர் எந்நேரமும் அந்த வரம்பிலேயே இருக்கும்படி செய்யலாம். நீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் இரண்டை எதிரெதிர் முனைகளில் வைத்து, அவற்றில் ஒன்றையாவது நீரின் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி வையுங்கள். காற்றுக் குமிழிகளால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைத் தொட்டியின் அளவுக்கு ஒரு படி பெரியதாக வாங்குங்கள். வெப்பத்தை 24 முதல் 25 டிகிரிக்குள் நிறுத்துங்கள். 27க்கு ஏற்றினால் ஆக்சிஜன் இன்னும் குறையும், மீனின் பசியும் மூச்சும் கூடும்.

காற்று தர முடியாத ஆக்சிஜனைப் பாசி தரும். சம்ப்பில் ஓர் அறையை ஒதுக்கி, கீட்டோ என்று விற்கப்படும் நூல்பாசியைப் போட்டு, வீட்டு விளக்கெல்லாம் அணைந்த பிறகு அதன் விளக்கு எரியும்படி டைமர் வையுங்கள். மேல் தொட்டியில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான். பாசி உழைப்பதும் அப்போதுதான். நைட்ரேட்டையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு கணப்பு மூட்டுவது நம் வழக்கம். அறையில் கரியமில வாயு சேர்ந்தால் தொட்டியின் பிஎச் 8.2 இலிருந்து 7.8க்கு இறங்கிவிடும். புதியவர்கள் உடனே பிஎச் ஏற்றும் மருந்தைத் தேடுகிறார்கள். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே நீட்டினால் போதும். கணப்பு இருக்கும் அறையில் தொட்டியே வேண்டாம் என்பது இன்னும் நல்லது.

நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குச் சமவெளிக்காரர்கள் கொட்டும் பணம் நமக்கு மிச்சம். மே மாதத்தில்கூட இங்கே அது தேவைப்படாது. அந்தப் பணத்தை ஹீட்டரில் போடுங்கள். ஜனவரி இரவில் ஊட்டியில் வெளியே உறைபனி விழும்போது அறைக்குள் 10 டிகிரி இருக்கலாம். நீரை 25இல் நிறுத்த 600 முதல் 900 வாட் வரை பிடிக்கும். 300 வாட் ஹீட்டர் மூன்று வையுங்கள்; ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம். ஒன்று பழுதாகி அணையாமல் ஓடினாலும் தொட்டி வெந்துவிடாது, ஒன்று செத்தாலும் மற்ற இரண்டு தாங்கும். பின்பக்கம், இரு பக்கவாட்டுகள், அடிப்பகுதி ஆகியவற்றுக்குத் தெர்மாகோல் ஒட்டினால் மின்கட்டணம் கண்கூடாகக் குறையும். மேலே மூடி போடலாம், ஆனால் விளிம்பில் இடைவெளி விடுங்கள். நீரைச் சுற்றிக் காற்று நடமாட வேண்டும்.

இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்டாதீர்கள். பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். வேவ் மேக்கர் ஒன்று, காற்று மோட்டார் ஒன்று, இவ்வளவு போதும். 680 லிட்டர் நீர் மெதுவாகத்தான் குளிரும். தெர்மாகோல் ஒட்டிய தொட்டி குளிர்ந்த அறையிலும் மணிக்கு அரை டிகிரி அளவில் இறங்கும். நான்கு மணி நேரத்தில் இரண்டு டிகிரி குறைந்தால் டேங் தாங்கிக்கொள்ளும். காற்றில்லாத நான்கு மணி நேரத்தைத் தாங்காது. மரம் விழுந்து கம்பி அறுந்தால் நம் ஊரில் மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடும் சிறிய காற்று மோட்டார் ஒன்றையும் அலமாரியில் வைத்திருங்கள்.

நீரும் கல்லும்

குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஓடை நீரில் தோட்டத்து உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம். ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி), டி.ஐ. (மிச்ச அயனிகளை நீக்கும் வடிகட்டி) இரண்டிலும் வடித்த நீரே வேண்டும். ஆர்.ஓ. கருவியின் மேல் எழுதியிருக்கும் அளவு 25 டிகிரி நீருக்கானது. குளிர்ந்த நீரில் அது வெகுவாகக் குறையும். நீர் மாற்றுவதற்கு முந்தைய நாளே பிடிக்கத் தொடங்குங்கள். லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவில் கடலுப்புக் கலவை சேர்த்து, நீரைத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகு உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு அம்மோனியாவும் நைட்ரைட்டும் எழுந்து அடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஹீட்டர் ஓடாத குளிர்ந்த நீரில் அவற்றைத் தின்று அடக்கும் நுண்ணுயிர்கள் சோம்பிக் கிடக்கும். மீன் இல்லையே என்று ஹீட்டரை அணைத்துவிடாதீர்கள்.

அலங்காரத்துக்குப் பவளக்கல் வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்ததை உயிரோடு வாங்கினாலும், காய்ந்ததை வாங்கினாலும் குற்றம். துளைகள் நிறைந்த பீங்கான் கற்கள் கிடைக்கின்றன. அவற்றை ஒரே குவியலாக அடுக்காமல் இரண்டு அல்லது மூன்று தீவுகளாகப் பிரித்து, சுற்றி ஓட வழி விட்டு அடுக்குங்கள். ஒரு மீன் நிற்குமிடத்திலிருந்து முழுத் தொட்டியும் தெரியக் கூடாது. பார்வையில் படாத மீனை யாரும் துரத்துவதில்லை.

எந்த மூன்று?

டேங் தன்னைப் போன்ற உடலும் நிறமும் கொண்டதைத்தான் முதலில் அடிக்கும். ஆகவே மூன்றும் மூன்று பேரினங்களாக இருக்கட்டும்.

ஜீப்ரசோமாவில் ஒன்று. யெல்லோ டேங் பெரும்பாலும் ஹவாய்க் கடலுக்கு உரியது. 2015இல் அங்கே ஆய்வகத்தில் குஞ்சு பொரித்து வளர்த்தார்கள், இப்போது அப்படி வளர்த்த குஞ்சுகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை உருண்டைத் தீவனத்துக்கும் நெரிசலுக்கும் பழகியவை. கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை அதிகம் என்றால் பழுப்பு நிற ஸ்கோபாஸ் டேங். அடக்கமான அழகு, அலுக்காது. அதே பேரினத்தின் செயில்ஃபின் டேங்கைக் கடையில் உள்ளங்கையில் அடங்கும் அளவில் பார்த்து மயங்காதீர்கள்; அது 40 சென்டிமீட்டர் வரை வளரும்.

டெனோகீட்டஸில் ஒன்று. பிரிஸில்டூத் என்றும் கோலே என்றும் சொல்லி விற்பார்கள். சீப்புப் பல்லால் கண்ணாடியிலும் கல்லிலும் படியும் மெல்லிய பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்னும். மூன்றில் சாது இதுதான். புதுத் தொட்டியின் பளபளப்பான கல்லில் இதற்கு உணவில்லை. கல்லில் பழுப்பும் பச்சையும் படிந்து, பார்க்கவே அசிங்கமாக இருக்கும் காலம் வரட்டும்.

மூன்றாவது, நீல நிற பாராகாந்துரஸ். ப்ளூ டேங், ஹிப்போ டேங் என்று பெயர்கள். இது 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. ஆறடி என்பது இதற்குத் தாராளமல்ல, குறைந்தபட்சம். பயந்தால் கல் இடுக்கில் நுழைந்து பக்கவாட்டில் படுத்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்து வலையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

அகாந்துரஸ் பேரினத்தைப் புதியவர்கள் தொட வேண்டாம். லட்சத்தீவிலும் அந்தமானிலும் வாழும் பவுடர் ப்ளூ டேங் நம் கடைகளுக்கும் வருகிறது. அதன் அழகுக்கு ஈடில்லை. சண்டைக்காரன், அதைவிட முக்கியம், வெள்ளைப்புள்ளி நோய் முதலில் தேடி வருவது அதைத்தான். உடலெங்கும் நீலக் கோடுள்ள க்ளவுன் டேங் இன்னும் மோசம், தொட்டி முழுவதும் தனக்கே என்று நினைக்கும். நாசோ டேங்குக்கு ஆறடி போதவே போதாது.

பை மலையேறும்போது

மீன் பெரும்பாலும் சென்னையிலிருந்து கோவைக்கு வந்து, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறும். கொடைக்கானல் என்றால் வத்தலக்குண்டு வழி. கீழே ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பை ஊட்டி வந்து சேரும்போது, உள்ளிருக்கும் வாயு ஏறக்குறைய 30 சதவீதம் விரிந்திருக்கும். கீழே இறுக்கமாகக் கட்டியிருந்தால் கொண்டை ஊசி வளைவுகளிலேயே பிளந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: வாயுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பையைத் தளர்வாக விட்டு, இரட்டைப் பை போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைக்க வேண்டும். டேங்கின் வால் முள் பையைக் குத்தும் என்பதால் இரண்டு பைகளுக்கும் இடையே செய்தித்தாள் சுற்றச் சொல்வதும் நல்லது. அழுத்தம் குறைவதால் மீனுக்கு ஆபத்தில்லை. கடலில் இரண்டரை மீட்டர் மேலே வந்தால் என்ன மாற்றமோ அதுதான்.

பகலில் மலையேறும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். வெளியூர் வண்டியில் எடுத்து வருவதானால், 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை இருப்பதை ஓட்டுநருக்கு நினைவூட்டுங்கள். சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் மீன் பைக்குள் மூச்சு விடும் நேரம். மண்சரிவு அபாயம் உள்ள அக்டோபர், நவம்பரில் மீன் வரவழைக்கவே வேண்டாம் என்பேன்.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது குறைவு. பையை அவிழ்க்காமல் 20 நிமிடம் நீரில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக நீர் விடும் முறை நெடும்பயணம் வந்த மீனுக்கு ஆகாது. பைக்குள் அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்திருக்கும். அவிழ்த்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை தீங்கு குறைவாக இருந்த அம்மோனியா நஞ்சாக மாறும். விற்பவரிடம் அவருடைய நீரின் உப்பளவை முன்பே கேட்டு, புது மீனை முதலில் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்திருந்தால் பையை அவிழ்த்த உடனே மீனை மாற்றிவிடலாம். பல கடைகளில் 1.020க்கும் கீழே வைத்திருப்பார்கள். பிறகு சில நாட்களில் மெல்ல 1.025க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

தனிமைத் தொட்டி

இதைத் தவிர்க்க வழி தேடுபவர்கள் டேங் வளர்க்க வேண்டாம். இந்த மீன்களின் தோலில் சளிப்படலம் மெல்லியது. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி எளிதில் பற்றும். பெரிய தொட்டிக்குள் அது நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓட்டுவதுதான் வழக்கமான வழி.

மூன்றடித் தொட்டி ஒன்று, சுமார் 190 லிட்டர். கல்லும் மணலும் கூடாது, ஒட்டுண்ணிக்கு மருந்தாகப் போடும் காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், பெரிய தொட்டியின் சம்ப்பில் சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், காற்று. துளையுள்ள பிளாஸ்டிக் தட்டிகளால் மூன்று அறைகளாகப் பிரியுங்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே, அடிக்க முடியாமல் ஒரு மாதம் இருக்கட்டும். பாதிச் சமாதானம் இங்கேயே ஆகிவிடும்.

கீலேட் வகைக் காப்பர் என்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை; மூன்று நான்கு நாட்களில் படிப்படியாக ஏற்றி, 30 நாள் நிலையாக வைத்திருக்க வேண்டும். அயனி வகைக் காப்பருக்கு இந்த அளவைப் போட்டால் மீன் செத்துவிடும். புட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், அந்த வகைக்கான சோதனைப் பெட்டியை வாங்கி, முதல் வாரம் தினமும் அளவு பாருங்கள். மருந்து போட்ட நீரில் மீனின் செவுள் சிரமப்படும். மலையில் இங்கே கூடுதலாக ஒரு காற்றுக்கல் வைப்பதை மறக்க வேண்டாம்.

சேர்க்கும் நாள்

ஒன்றன்பின் ஒன்றாக, சாதுவை முதலிலும் முரடனைக் கடைசியிலும் சேர்க்கச் சொல்வது பரவலான ஆலோசனை. தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தனிமைக் காலம், தனித்தனியாக மலைப்பயணம் என்றால், இரண்டாவது மீன் வருவதற்குள் முதல் மீன் பல வாரம் ஆண்டிருக்கும். பதிவு செய்யாத ரயில் பெட்டியில் துண்டு போட்டு இடம்பிடித்தவரிடம் நகரச் சொல்வது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிது அதனிடம் இடம் கேட்பது. மூன்றையும் ஒரே பெட்டியில் வரவழைத்து, ஒரே நாளில் பெரிய தொட்டிக்குள் விடுவதே நமக்கு ஏற்றது. அளவில் எல்லாம் 7 முதல் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஜீப்ரசோமா மட்டும் மூன்றில் சிறியதாக இருந்தால் நல்லது.

மாலையில், விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். வலை வேண்டாம், வால் முள் சிக்கிக் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுங்கள். கையில் கீறினால் ஆழமாக வெட்டும், எரிச்சலும் இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியின் ஒரு முனையில் வெளியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டி வைத்தால், முரட்டு மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கு நின்று மற்றவற்றை விட்டுவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் துடுப்பை விரித்துக் காட்டுவதும், பக்கவாட்டில் திரும்பி வாலை ஆட்டுவதும், சுற்றிச் சுற்றி ஓடுவதும் இருக்கும். துடுப்பு கொஞ்சம் கிழிந்தாலும் கவலையில்லை. ஒரு மீன் சாப்பிட வராமல் மூலையில் நின்று வேகமாகச் செவுள் அடித்தாலோ, அதன் உடலில் வெள்ளைக் கீறல்கள் தெரிந்தாலோ தலையிடுங்கள். வெளியே எடுக்க வேண்டியது அடித்த மீனை. அடிபட்டதை எடுத்தால், திரும்பி வரும்போது மறுபடி புதியவனாகத்தான் வரும். அடித்ததை இரண்டு வாரம் தடுப்புக்குள் வைத்துவிட்டு, கற்களை மாற்றி அடுக்கிய பிறகு விட்டால் அதன் எல்லைகள் கலைந்திருக்கும்.

தீனி

பசித்த டேங்தான் பெரும்பாலும் சண்டைக்காரன். உப்போ மசாலாவோ சேர்க்காத நோரி என்னும் காய்ந்த கடற்பாசித் தாளை இரண்டு கிளிப்புகளில், தொட்டியின் இரு முனைகளிலும், காலையும் மாலையும் மாட்டுங்கள். ஒரே கிளிப் என்றால் அதற்கு ஓர் உரிமையாளன் முளைத்துவிடுவான். கூடவே கடற்பாசி கலந்த உருண்டைத் தீவனமும், வாரத்தில் சில நாள் உறைந்த மைசிஸ் இறாலும். சம்ப்பில் வளர்ந்த பாசியில் மிஞ்சியதையும் ஒரு பிடி போடலாம்.

நம் ஊரில் லெட்யூஸும் முட்டைக்கோஸும் வீட்டு வாசலிலேயே கிடைக்கும்போது நோரி எதற்கு என்று கேட்பார்கள். மீன் ஆவலாகத் தின்னும் என்பது உண்மைதான். அதில் பெரும்பகுதி நீர். கடற்பாசியில் உள்ள அயோடினும் கொழுப்பு அமிலங்களும் இல்லை. தோட்டத்தில் அடித்த மருந்து இலையில் இருந்தால் தொட்டியே போய்விடும். முதுகு மெலிந்து தலை பெருத்துத் தெரியும் டேங், லெட்யூஸ் தின்று வயிறு நிறைந்த டேங்காக இருக்கக்கூடும்.

ப்ளூ டேங் வளர்ந்து தொட்டியில் ஒரு நீச்சலுக்கு இரண்டு முறை திரும்பத் தொடங்கும்போது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். யாரிடம் கொடுப்பது என்பதை வாங்கும்போதே பேசி வைப்பது நல்லது. கீழே அனுப்பும் பைக்கு எதிர்க்கணக்கு: இறங்க இறங்க வாயு சுருங்கும், பை தொய்ந்து மீனின் மேல் ஒட்டும். இந்த முறை நன்றாக உப்பலாகவே கட்டுங்கள்.